உங்களுக்குத் தெரியுமா? எடிட்டிங்குக்கும் கேமுக்கும் ஒரே கம்ப்யூட்டர்

பகலில் கல்யாண வீடியோ எடிட் செய்ய வேண்டும், இரவில் கேம் ஆட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு கம்ப்யூட்டரை நாமே அசெம்பிள் செய்வோம் என்று இறங்குபவர்கள் முதலில் கேட்பது, "எந்த ப்ராசசர் நல்லது, எந்த கிராபிக்ஸ் கார்டு நல்லது?" என்பதைத்தான். அதற்கு முன்பே கேட்க வேண்டியது, வாங்கும் பாகங்கள் ஒன்றோடொன்று சேருமா என்பது. சேருவதிலும் மூன்று படிகள் உண்டு. பாகம் இடத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்தபின் இயங்க வேண்டும். இயங்கும்போது கொடுத்த காசுக்கு உரிய வேகம் முழுவதும் கிடைக்க வேண்டும். முதல் படியில் தவறினால் அன்றே தெரிந்துவிடும். மூன்றாவதில் தவறினால் வருடக்கணக்கில் தெரியாமலே போகும்.

சாக்கெட் எண்

இன்டெல் சாக்கெட்டின் பெயரில் வரும் எண், ப்ராசசரைத் தொடும் புள்ளிகளின் எண்ணிக்கை. எல்ஜிஏ 1700 என்றால் 1,700 புள்ளிகள். 10, 11-ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ 1200. 12, 13, 14-க்கு எல்ஜிஏ 1700. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851. ஏஎம்டியில் ரைசன் 5000 வரை ஏஎம்4 சாக்கெட், 7000 முதல் ஏஎம்5. ஏஎம்4-இல் பின்கள் ப்ராசசரின் அடியில் இருந்தன. ஏஎம்5-இல் அவை மதர்போர்டுக்கு இடம் மாறிவிட்டன. அதனால் சாக்கெட்டைத் திறந்தபின் உள்ளே விரலோ துணியோ படவே கூடாது. மேலிருக்கும் பிளாஸ்டிக் மூடியையும் தூக்கி எறியாதீர்கள்; வாரண்டிக்குப் போர்டை அனுப்பும்போது கேட்பார்கள்.

சாக்கெட் ஒன்றுதான், ஆனாலும் ஓடாது

2017-இல் இன்டெல் 8-ஆம் தலைமுறை ப்ராசசர்களை எல்ஜிஏ 1151 சாக்கெட்டில் வெளியிட்டது. அதற்கு முந்தைய 6, 7-ஆம் தலைமுறைகளும் அதே சாக்கெட்தான். பழைய போர்டில் புதிய ப்ராசசர் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் பின்களுக்கு மின்சாரம் பிரிக்கும் முறை மாறியிருந்ததால், 300 வரிசை சிப்செட் உள்ள போர்டு வேண்டும் என்று இன்டெல் சொல்லிவிட்டது. ஆக, சாக்கெட்டைப் பார்த்தால் மட்டும் போதாது. மதர்போர்டு நிறுவனம் தன் இணையதளத்தில் போடும் "எந்தெந்த ப்ராசசர் ஓடும்" என்ற பட்டியலே கடைசித் தீர்ப்பு.

ப்ராசசரைக் கடன் கொடுத்த நிறுவனம்

புதிய ப்ராசசரைப் பழைய போர்டு அடையாளம் காண வேண்டுமானால், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். பயாஸை அப்டேட் செய்ய வேண்டுமானால் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். ஓடுவதற்கோ, போர்டுக்குத் தெரிந்த பழைய ப்ராசசர் வேண்டும். 2018-இல் ரைசன் 2000 வரிசையின் ஜி ரகங்கள் வந்தபோது இந்தச் சிக்கலில் மாட்டியவர்களுக்கு, அப்டேட் செய்துவிட்டுத் திருப்பித் தரும்படி ஏஎம்டியே ப்ராசசரைக் கடனாக அனுப்பியது.

இன்று பல போர்டுகளில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் என்ற வசதி உண்டு. ப்ராசசரே இல்லாமல், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் இணைத்து, பென் டிரைவில் ஃபைலைப் போட்டு, பின்பக்கப் பட்டனை அழுத்தினால் போதும். பழைய ஸ்டாக் போர்டில் புதுத் தலைமுறை ப்ராசசர் போடப் போகிறீர்களா? இந்தப் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள்.

16 எம்பியில் நின்ற வழக்கு

2020 மே மாதம், பி450, எக்ஸ்470 போர்டுகளில் ரைசன் 5000 ஓடாது என்று ஏஎம்டி அறிவித்தது. பல போர்டுகளின் பயாஸ் சிப்பில் 16 எம்பி இடம்தான் உண்டு, எல்லா ப்ராசசர்களின் விவரத்தையும் அதில் அடைக்க முடியாது என்பது காரணம். வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே மாதத்தில் ஏஎம்டி முடிவை மாற்றிக்கொண்டது. 2022-இல் ஆதரவு இன்னும் பின்னோக்கி நீண்டது. 2017-இல் வாங்கிய சில எக்ஸ்370 போர்டுகளில் 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி ஓடியது. வைத்திருக்கும் போர்டைத் தூக்கிப் போடுமுன் அதன் ஆதரவுப் பட்டியலை ஒருமுறை பாருங்கள்.

13, 14-ஆம் தலைமுறை வாங்குகிறீர்களா?

இன்டெல்லின் இந்த இரண்டு தலைமுறைகளில், கூடுதல் வோல்டேஜால் ப்ராசசர் மெல்லப் பழுதாகும் கோளாறு இருந்ததை 2024-இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டிலிருந்து திருத்தங்களை வெளியிட்டது. வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. திருத்தம் பயாஸ் வழியாகத்தான் வரும். பழுது வராமல் காக்குமே தவிர, ஏற்கெனவே பழுதானதைச் சரிசெய்யாது. அதனால் விண்டோஸ் போடுவதற்கு முன்பே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் இரட்டிப்புக் கவனம் தேவை.

மலிவு போர்டில் பெரிய ப்ராசசர்

கோர் ஐ9-14900கே, டர்போ வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். மலிவான ஹெச்610 சிப்செட் போர்டின் ஆதரவுப் பட்டியலில் அதன் பெயர் இருக்கலாம். ஆனால் ப்ராசசருக்கு மின்சாரம் அனுப்பும் விஆர்எம் பகுதி அந்த விலையில் எளிமையாகத்தான் இருக்கும். ஒரு மணி நேர வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் அது சூடேறி, ப்ராசசர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கேம் ஆடும்போது இது வெளியே தெரியாது. எல்லாக் கோர்களும் நெடுநேரம் உழைக்கும் எடிட்டிங்கில்தான் குட்டு வெளிப்படும். விஆர்எம்மின் மேல் ஹீட்சிங்க் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் பாடம்.

டிடிஆர்4-க்கும் 288, டிடிஆர்5-க்கும் 288

இரண்டு ரேம்களிலும் தொடுபுள்ளிகள் 288-தான். நீளமும் ஒன்றுதான். நடுவிலுள்ள வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது, அழுத்தினால் உடையும். ஏஎம்5, எல்ஜிஏ 1851 இரண்டிலும் டிடிஆர்5 மட்டுமே. எல்ஜிஏ 1700-இல் போர்டைப் பொறுத்து இதுவோ அதுவோ. ஒரே மாடல் பெயரில் டிடிஆர்4 போர்டும் டிடிஆர்5 போர்டும் விற்பதால், பெட்டி மேலுள்ள முழுப் பெயரையும் படியுங்கள்.

6000 வாங்கி 4800-இல் ஓட்டுபவர்கள்

ரேம் பெட்டியில் வேகம் 6000 என்று போட்டிருக்கும். மாட்டியதும் பெரும்பாலும் 4800-இலோ 5600-இலோதான் ஓடும். பயாஸுக்குள் போய் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற அமைப்பை ஆன் செய்தால்தான் வாங்கிய வேகம் வரும். முதலாவது ஏஎம்டி வைத்த பெயர், அடுத்தது இன்டெல் வைத்த பெயர். செலவில்லாத வேலை இது. செய்யாமல் விட்டவர்கள் ஏராளம்.

நான்கு போட்டால் வேகம் குறையும்

"இப்போது இரண்டு ரேம், பிறகு இன்னும் இரண்டு" என்ற பழைய திட்டம் டிடிஆர்5-இல் எடுபடுவதில்லை. ரைசன் 7000-க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம், இரண்டு ரேம் போட்டால் 5200. நான்கு போட்டால் 3600. ரைசன் 9000-இல் இரண்டுக்கு 5600, நான்கானால் அதே 3600. 4கே எடிட்டிங்குக்கு 32 ஜிபி அல்லது அதற்கு மேல் என்பது அடோபியின் பரிந்துரை. எனவே தேவையை முதலிலேயே கணக்கிட்டு, ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் இரண்டு 16 ஜிபியோ இரண்டு 32 ஜிபியோ வாங்குங்கள்.

நான்கு ஸ்லாட்டில் எந்த இரண்டு?

ப்ராசசர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். பெரும்பாலான போர்டுகளின் கையேடு இதையே சொல்கிறது.

முதல் இருட்டு

டிடிஆர்5 கம்ப்யூட்டரை முதல்முறை ஆன் செய்ததும் திரை சில நிமிடம் இருட்டாகவே இருக்கலாம். ப்ராசசரும் ரேமும் தங்களுக்குள் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும் வேலை அது. பயந்துபோய்ப் பவரை நிறுத்தாதீர்கள், காத்திருங்கள்.

"எஃப்" எழுத்தில் போகும் எடிட்டிங் வேகம்

இன்டெல் ப்ராசசர் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் பகுதி வேலை செய்யாது. தனி கிராபிக்ஸ் கார்டு போடும் கேம் பிரியர்களுக்கு அதனால் நஷ்டமில்லை, விலையும் குறைவு. எடிட்டருக்குக் கதை வேறு. இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பலவும் ஹெச்.265 வடிவில், நிற விவரம் கூடுதலான 4:2:2, 10 பிட் வீடியோவாகப் பதிவு செய்கின்றன. அதைப் பிரித்துக் காட்டுவது கடினமான வேலை. இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து உள் கிராபிக்ஸில் இருக்கும் குயிக் சிங்க் பகுதி இதை நேரடியாகச் செய்துவிடும். அது இல்லாவிட்டால் ப்ராசசர் கோர்கள் மூச்சு வாங்கும், டைம்லைன் திக்கித் திக்கி நகரும்.

தனி கார்டு மாட்டியதும் சில போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். பயாஸில் மறுபடி ஆன் செய்ய வேண்டும்.

பெரிய கார்டுக்கும் தெரியாத வீடியோ

ஆர்டிஎக்ஸ் 4090 எவ்வளவு வலிமையான கார்டு! ஆனால் மேலே சொன்ன 4:2:2 வீடியோவைப் பிரிக்கும் தனிப் பகுதி அதில் இல்லை. என்விடியா இதை 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்த்தது. அதனால் கார்டைத் தேர்வு செய்யுமுன் உங்கள் கேமராவின் மெனுவைத் திறந்து, எந்த வடிவில் பதிவாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மொபைலில் எடுக்கும் சாதாரண 4:2:0 வீடியோவுக்கு இந்தக் கவலை தேவையில்லை.

எக்ஸ்போர்ட்டுக்கு உதவாத கார்டு

2022 ஜனவரியில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டில் வீடியோவை என்கோடு செய்யும் பகுதியே கிடையாது. கேமை ரெக்கார்டு செய்யவும் எடிட் செய்ததை வேகமாக எக்ஸ்போர்ட் செய்யவும் அது கைகொடுக்காது. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. மதர்போர்டுடன் பேச அதற்கு நான்கு பிசிஐஇ பாதைகள் மட்டுமே. பிசிஐஇ 4.0 போர்டில் சமாளிக்கும், 3.0 மட்டும் உள்ள பழைய போர்டில் கேம் வேகம் கண்கூடாகக் குறையும். எந்தத் தலைமுறை பிசிஐஇ கார்டும் எந்தப் போர்டிலும் ஓடும் என்பது உண்மை. முழு வேகத்தில் ஓடும் என்பது உண்மையல்ல.

கேமுக்கு கேஷ், எடிட்டிங்குக்குக் கோர்

ரைசன் 7 7800எக்ஸ்3டியிலும் 7700எக்ஸிலும் எட்டு கோர்கள்தான். ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் முன்னதில் 96 எம்பி, பின்னதில் 32 எம்பி. கேம்களில் அந்தக் கேஷ் பெரிய வித்தியாசம் காட்டும். எக்ஸ்போர்ட்டில் காட்டாது. அங்கே உதவும் உச்ச வேகம் 7700எக்ஸில் 5.4 கிகாஹெர்ட்ஸ், 7800எக்ஸ்3டியில் 5.0. பிழைப்பு எடிட்டிங் என்றால் கோர்களுக்குக் காசு கொடுங்கள். மாலை நேரக் கேம்தான் முதல் ஆசை என்றால் கேஷுக்குக் கொடுங்கள். இரண்டும் வேண்டும், பட்ஜெட்டும் தாங்கும் என்பவர்களுக்கு 16 கோரும் 128 எம்பி எல்3 கேஷும் கொண்ட ரைசன் 9 9950எக்ஸ்3டி 2025-இல் வந்தது.

எம்.2 என்பது வடிவம் மட்டுமே

எம்.2 எஸ்எஸ்டியில் எழுதியிருக்கும் 2280 என்பது 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதே வடிவில் சாட்டா ரகமும் உண்டு. விநாடிக்கு சுமார் 550 எம்பி. என்விஎம்இ ரகத்தில் பிசிஐஇ 3.0 என்றால் சுமார் 3,500, 4.0 என்றால் 7,000 வரை. சில ஸ்லாட்டுகள் என்விஎம்இயை மட்டுமே ஏற்கும். சாட்டா ரகத்தைப் போட்டால் கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது.

ஒன்றை மாட்டினால் இன்னொன்று மறையும்

இரண்டாவது எம்.2-ஐ மாட்டியதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போய்விட்டதா? டிஸ்க் போகவில்லை. பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் சில சாட்டா போர்ட்டுகளும் ஒரே பாதையைப் பகிர்கின்றன. சிலவற்றில் கிராபிக்ஸ் கார்டின் 16 பாதைகளே எட்டாகக் குறையும். கையேட்டில் சிறிய எழுத்தில் அட்டவணை ஒன்று இருக்கும். பழைய டிஸ்க்குகளை அடுக்கி வைத்திருக்கும் எடிட்டர்கள் வாங்குமுன் படிக்க வேண்டிய பக்கம் அதுதான்.

கேபினட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் கணக்கு

கார்டின் நீளம், கூலரின் உயரம், போர்டின் அளவு. ஏடிஎக்ஸ் போர்டு 305 × 244 மிமீ. மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244. மினி ஐடிஎக்ஸ் 170 × 170. நோக்டுவா என்ஹெச்-டி15 கூலரின் உயரம் 165 மிமீ. 160 மிமீ வரைதான் என்று எழுதியிருக்கும் கேபினட்டில் பக்கக் கதவு மூடாது. மூன்று ஃபேன் கார்டுகள் பலவும் 300 மிமீ நீளத்தைத் தாண்டுகின்றன. முன்பக்கம் நீர்க் கூலரின் ரேடியேட்டர் வைத்தால் அதன் தடிமனைக் கார்டுக்கான இடத்திலிருந்து கழிக்க வேண்டும்.

பழைய கூலரை வைத்துக்கொள்ளலாமா?

ஏஎம்4 போர்டுடன் வந்த பின்தகட்டையே பயன்படுத்தும் கூலர் என்றால் ஏஎம்5-இலும் உட்காரும். தன் சொந்தத் தகட்டோடு வந்த கூலர் உட்காராது, ஏனென்றால் ஏஎம்5 பின்தகட்டைக் கழற்ற முடியாது. இன்டெல்லில் துளைகளின் இடைவெளி எல்ஜிஏ 1200-இல் 75 மிமீ, 1700-இல் 78 மிமீ. மூன்றே மில்லிமீட்டர்தான், அதற்குத் தனி மவுன்டிங் கிட் வேண்டும்.

தங்கம், வெண்கலம் எதைச் சொல்கின்றன?

எஸ்எம்பிஎஸ் பெட்டியில் வெண்கலம், தங்கம் என்று இருக்கும் 80 பிளஸ் முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதற்கான அளவு. 400 வாட் தேவைப்படும்போது 90 சதவீதத் திறன் கொண்டது சுவரிலிருந்து சுமார் 444 வாட் இழுக்கும். 80 சதவீதம் என்றால் 500 வாட். உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்துக்கோ பாதுகாப்புக்கோ அந்த முத்திரை உத்தரவாதமல்ல. வாரண்டி எத்தனை வருடம் என்பது அதைவிட நல்ல அடையாளம். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் விலையுயர்ந்த கார்டை மாட்டாதீர்கள்.

கண்ணிமைக்குமுன் இரண்டு மடங்கு

கிராபிக்ஸ் கார்டு சொன்ன வாட்டைவிட மிக அதிகமாக, நொடியின் மிகச் சிறு துணுக்கில், இழுத்துவிட்டு அடங்கும். கேமின் நடுவே காரணமில்லாமல் கம்ப்யூட்டர் அணைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிப்படி, 450 வாட்டுக்கு மேற்பட்ட எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோ நொடி தாங்க வேண்டும். புதிதாக வாங்குபவர்கள் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று கேட்டு வாங்கலாம்.

உருகிய கனெக்டர்

2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த சில வாரங்களில் அதன் 16 பின் பவர் கனெக்டர்கள் உருகிய செய்திகள் வந்தன. கனெக்டர் முழுதாக உள்ளே போகாதது பொதுவான காரணம் என்றது என்விடியா. 2023-இல் திருத்தப்பட்ட வடிவத்தில், இணைப்பை உறுதிசெய்யும் உணர்வுப் பின்கள் குட்டையாக்கப்பட்டன; சரியாகச் செருகாவிட்டால் கார்டு மின்சாரம் இழுக்காது. இடைவெளி தெரியாதவரை அழுத்திச் செருகுங்கள். கனெக்டரை ஒட்டியே கேபிளை மடக்காதீர்கள். கேபினட் ஒடுக்கமாக இருந்து கண்ணாடிக் கதவு கேபிளை நசுக்கினால், அந்தக் கேபினட் அந்தக் கார்டுக்கு ஆகாது.

மாற்றி மாட்டினால் டிஸ்க் போய்விடும்

மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸில் கேபிள்களைக் கழற்றி மாட்டலாம். கம்ப்யூட்டர் பக்கம் உள்ள கனெக்டருக்கு விதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்துக்கு எந்தப் பொது விதியும் இல்லை. ஒரு நிறுவனத்தின் கேபிள் இன்னொன்றில் அழகாக உட்கார்ந்து, 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட்டை அனுப்பிவிடலாம். வருடக்கணக்கான வீடியோ இருக்கும் டிஸ்க் ஒரு நொடியில் கருகும். எஸ்எம்பிஎஸ் மாற்றினால் எல்லாக் கேபிள்களையும் மாற்றுங்கள்.

விளக்குக்கும் வோல்டேஜ் உண்டு

மூன்று பின் ஏஆர்ஜிபி விளக்குகள் 5 வோல்ட். நான்கு பின் ஆர்ஜிபி 12 வோல்ட். இடம் மாறினால் விளக்கு போய்விடும். இணைப்புகளில் கவனிக்க இன்னொன்றும் உண்டு: கேபினட் முன்பக்க டைப்-சி போர்ட்டுக்கு மதர்போர்டில் தனி இணைப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் அது வெறும் ஓட்டை.

யுபிஎஸ் எண்ணில் ஏமாறாதீர்கள்

வீட்டு யுபிஎஸ்ஸில் எழுதியிருக்கும் 600 என்பது விஏ. வாட்டில் அது பெரும்பாலும் 360-தான். ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால், 450 வாட் இழுக்கும் கம்ப்யூட்டரை அது காப்பாற்றாது. ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்களில் சில, மலிவு யுபிஎஸ்ஸின் போலி சைன் அலையில் அணைந்துபோவதும் உண்டு. முழு சைன் அலை தரும் யுபிஎஸ் விலை கூடுதல், ஆனால் எடிட்டருக்குத் தேவையான செலவு.

மானிட்டர் கேபிள் எங்கே?

மதர்போர்டின் ஹெச்டிஎம்ஐயில் மானிட்டரைச் செருகிவிட்டு, கார்டு வேலை செய்யவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு. கேபிள் கார்டில் இருக்க வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் விண்டோஸ் அமைப்பில் நீங்கள் மாற்றும்வரை 60-இலேயே நிற்கலாம்.

பில் போடுமுன் ஒரு தாள்

சென்னை ரிச்சி தெருவோ, கொழும்பு யூனிட்டி பிளாசாவோ, ஆன்லைனோ, எங்கே வாங்கினாலும் ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள். ஒன்று, கேமரா பதிவு செய்யும் வீடியோ வடிவமும் நீங்கள் ஆடும் கேமும். இரண்டு, சாக்கெட், சிப்செட், தேவையான பயாஸ் பதிப்பு. மூன்று, ரேமின் ரகமும் எண்ணிக்கையும். நான்கு, எம்.2, சாட்டா பகிர்வு அட்டவணை. ஐந்து, கேபினட்டின் மூன்று அளவுகள். ஆறு, எஸ்எம்பிஎஸ்ஸின் வாட்டும் கார்டு கேட்கும் கனெக்டரும். ஏழு, யுபிஎஸ்ஸின் வாட். முதல் வரியை எழுதாமல் மற்ற ஆறுக்கும் போகாதீர்கள், ஏனென்றால் எந்தப் பாகம் நல்லது என்பதை அந்த வரிதான் முடிவு செய்கிறது. ஏழும் ஒன்றோடொன்று ஒத்துப்போன பிறகு பணத்தைக் கொடுங்கள்.